கால்பந்துத் திடலும் கழனிச் சேறும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இங்கிலாந்து தேசத்துக் கால்பந்துத் திடல்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கிராம சபையில் விளையாட்டுத் திடல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களை நாம் கேட்கிறோம். "தொலைக்காட்சியில் காண்கிறோமே, அதுபோலப் பச்சைக் கம்பளமாக நமக்கும் வேண்டும்" என்பது இளைஞர்களின் குரல். "அதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாசாரம், நம் ஊருக்குப் பொட்டலே போதும்" என்பது மற்றொரு குரல். இவ்விரு சாராரும் அறியாத விஷயம் ஒன்றுண்டு. அந்தப் பச்சைக் கம்பளம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெறும் சேறாகக் கிடந்தது. அது மாறிய வரலாற்றில் பெரும்பகுதி மண்ணையும் நீரையும் பற்றியது. அதை விளங்கிக்கொள்ள உழவரைவிடத் தகுதி வாய்ந்தவர் வேறு எவருமில்லை.

கால்பந்து ஆட்டத்துக்குரிய விதிகள் இங்கிலாந்தில் 1863-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அந்நாளில் திடல் என்பது ஒரு புல்வெளி, அவ்வளவே. பின்னர்க் கழகங்கள் தோன்றின. நாற்புறமும் மேடை கட்டிக் காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் காட்டின. ஆனால் காலடியிலிருந்த மண் மட்டும் பழைய மண்ணாகவே இருந்தது. அங்கே ஆட்டப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. அதாவது மழையும் பனியும் நிறைந்த குளிர்காலம் முழுவதும் ஆட்டம் நடந்தாக வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். லண்டனில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லி மீட்டர். நமது சென்னையில் பெய்வதோ 1,300 மில்லி மீட்டருக்கும் மேல். பாதிக்கும் குறைவான மழை பெய்யும் ஊரில் திடல் சேறாவானேன்? நம் ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டு மழை போய்விடுகிறது. மறுநாள் வெயில் வந்து நிலத்தை உலர்த்திவிடுகிறது. அங்கே நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும்; குளிர்காலத்து வெயிலுக்கு உலர்த்தும் வலு இல்லை. வெப்பநிலை ஐந்தாறு டிகிரிக்குக் கீழே இறங்கினால் புல்லும் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. மிதிபட்டுப் போன புல் மீண்டும் தழைக்க வசந்த காலம் வரவேண்டும்.

இவற்றோடு சேர்ந்ததுதான் உங்களுக்கு நன்கு பழகிய சங்கதி. நடவுக்கு முன் நாம் கழனியில் நீர் கட்டி, உழுது, மிதித்து, பரம்படித்துச் சேறாக்குகிறோம். எதற்காக? மண்ணிலுள்ள துளைகளை அடைத்து, விட்ட நீர் கீழே இறங்காமல் நிற்பதற்காக. கால்பந்துக்காரர்கள் விரும்பாமலே செய்துவந்த வேலையும் இதுதான். ஈரமான களிமண் தரையில், குமிழ் வைத்த பூட்ஸ் அணிந்த இருபத்திரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் ஓடினால் என்னவாகும்? அது சேற்றுழவேயன்றி வேறென்ன? சனிக்கிழமை பெரிய அணியின் ஆட்டம். இடையில் இரண்டாம் அணியின் ஆட்டம். சில கழகங்களில் பயிற்சியும் அதே மண்ணில். கார்த்திகை பிறக்கும்போது புல். தை பிறக்கும்போது, கோல் கம்பங்களுக்கு இடையே நெடுக, நாற்று நடலாம் போன்ற கழனி! ஒரு வேற்றுமை, நாம் நெல் வேண்டிச் சேறாக்குகிறோம். அவர்களோ புல் வேண்டியவர்கள்.

இந்நோய்க்கு அவர்கள் செய்த வைத்தியங்களைக் கேளுங்கள். முதலில் அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது சேறன்று, உறைபனி. லிவர்ப்பூல் நகரத்து எவர்ட்டன் கழகத்தார் 1958-ல் தங்கள் குடிசன் பார்க் திடலின் அடியில் மைல் கணக்கில் மின்கம்பி புதைத்து மண்ணுக்குச் சூடேற்றினர். இங்கிலாந்தில் அப்படிச் செய்த முதல் கழகம் அதுவே. கம்பி தன் வேலையை எதிர்பார்த்ததற்கும் மேலாகச் செய்தது, பனி உருகியது. உருகிய நீர் எங்கே போவது? அவ்வளவு நீரைக் கொள்ளும் வடிகால் கீழே இல்லை. ஆகவே 1960-ல் திடலை மறுபடியும் தோண்டி, தகுந்த வடிகால் அமைக்க வேண்டியதாயிற்று. வாய்க்கால் வெட்டாமல் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர் கதைதான் இது. நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

இருந்தாலும் அவர்களுக்குப் பனிமேல் இருந்த அச்சம் வீணானதன்று. 1962-63-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நிலம் பாறையாக இறுகிக் கிடந்தது. எப்.ஏ. கோப்பைப் போட்டியின் மூன்றாவது சுற்று ஜனவரி 5-ந் தேதி தொடங்கி மார்ச் 11-ந் தேதிதான் முடிந்தது. சில நாட்களில் முடியவேண்டிய சுற்றுக்கு 66 நாட்கள்! அந்த ஒரு சுற்றில் மட்டும் 261 முறை ஆட்டங்கள் ஒத்தி வைக்கப்பட்டன. ஹாலிபாக்ஸ் என்னும் ஊர்க் கழகத்தார், உறைந்த திடலைப் பனிச்சறுக்கு ஆடுவோருக்குத் திறந்துவிட்டுக் காசு பார்த்தார்கள்.

இனி வெம்பிளி. லண்டனில் 1923-ல் திறக்கப்பட்ட அந்த அரங்கு இங்கிலாந்தின் பெருமைக்குரியது. புல்லுக்குப் பேர்போன அத்திடலில், கால்பந்து இல்லாத வேளையில் குதிரைக் காட்சிகளையும் நடத்தலானார்கள். குளம்பு பட்ட தரை என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1970 ஏப்ரல் 11-ந் தேதி செல்சி அணியும் லீட்ஸ் அணியும் அங்கே கோப்பையின் இறுதி ஆட்டம் ஆடின. மணலைக் கொட்டி மூடியும் தரை தேறவில்லை. லீட்ஸ் அணியின் ஜாக் சார்ல்ட்டன் தலையால் முட்டிய பந்து தரையில் விழுந்தது, எழும்பவே இல்லை. காலை ஓங்கிய தடுப்பாட்டக்காரரின் காலுக்கடியில் தவழ்ந்து கோலுக்குள் சென்றது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. மறு ஆட்டத்தை வெம்பிளியில் வைக்காமல் மான்செஸ்டர் நகரத்துக்கு மாற்றினார்கள். ஒரு திடலுக்கு ஒரு வேலை போதாது, இரண்டு வேலை கொடுத்தால் வருமானம் இரட்டிக்கும் என்று கணக்குப் போடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு.

சேற்றின் உச்சத்தைக் காண வேண்டுமானால் டார்பி நகரத்துக்குப் போக வேண்டும். அவ்வூர் அணி 1972-லும் 1975-லும் நாட்டின் முதலிடத்தை வென்ற அணி. அதன் திடலோ நாட்டிலேயே மோசமான சேற்றுக்குப் பெயர் பெற்றது. 1977 ஏப்ரல் 30-ந் தேதி மான்செஸ்டர் சிட்டி அணியுடன் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது டார்பிக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை வைக்க வேண்டிய வெள்ளைப் புள்ளியைக் காணோம்! சேறு அதை விழுங்கிவிட்டது. மைதானப் பராமரிப்பாளர் வாளியில் சுண்ணாம்பும் கையில் அளவு நாடாவுமாக உள்ளே வந்து, கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு கஜம் அளந்து, புதிதாகப் புள்ளி வைத்துக் கொடுத்த பிறகே பெனால்டி அடிக்க முடிந்தது. டார்பி 4-0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் மான்செஸ்டர் சிட்டி ஒரே ஒரு புள்ளியில் முதலிடத்தை இழந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அக்காலத்து ஆட்டத்தைப் புகழும் முதியோர் அங்கே இன்றும் உள்ளனர். சேற்றில் ஆடியவர்களே வீரர்கள், இன்றையவர்கள் கம்பளத்தில் நடப்பவர்கள் என்று அவர்கள் சொல்வதுண்டு. மேடையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். தரையில் உருட்டிய பந்து இரண்டு கஜத்தில் நின்றுவிடும் இடத்தில், பந்தை ஓங்கி உயரத் தூக்கி அடிப்பவனுக்கே மதிப்பு. நயமாக உருட்டி ஆடும் இளைஞனின் திறமை அங்கே எடுபடாது. திடலின் தரம் ஆட்டத்தின் தரத்தையே தீர்மானித்தது என்பதே நம் கருத்து.

சேற்றைக் கண்டு சலித்தவர்கள் அடுத்தபடியாகப் புல்லையே விட்டுவிட நினைத்தார்கள். லண்டனிலுள்ள குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தார் 1981-ல் திடல் முழுவதும் செயற்கை விரிப்பை விரித்தனர். லூட்டன், ஓல்டாம், பிரஸ்டன் ஆகிய ஊர்க் கழகங்களும் பின்தொடர்ந்தன. மழையானாலும் ஆட்டம் நிற்கவில்லை. வாடகைக்கும் விட முடிந்தது. ஆனால் பந்து பந்தாக இல்லை. ரப்பரைப் போல் துள்ளியது. சறுக்கி விழுந்தவர்களின் தோல் தீப்பட்டது போல் உரிந்தது. விரிப்பில் பழகிய உள்ளூர் அணிக்கு வெளியூர் அணியைவிட நியாயமற்ற சாதகம் உண்டென்ற குறையும் எழுந்தது. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 1988-ல் புல்லுக்குத் திரும்பிற்று. கடைசியாக மிஞ்சிய பிரஸ்டனும் 1994-ல் விரிப்பைச் சுருட்டியது.

உண்மையான மாறுதல் வந்தது மண்ணைத் தொட்ட பிறகுதான். களிமண்ணை வெட்டி அப்புறப்படுத்தி, அடியில் குழாய் பதித்து, அதன்மேல் சரளையும், சரளைக்கு மேல் ஓர் அடி ஆழத்துக்கு மணலும் பரப்பி, மணலிலேயே புல் வளர்க்கலானார்கள். மணலை எவ்வளவு மிதித்தாலும் அது சேறாவதில்லை. பெய்த மழை பெய்தபடியே கீழே இறங்கிவிடும். மணலுக்கு ஒரு குறை. அது பிடிப்பு இல்லாமல் பெயர்ந்துவிடும். அதற்கும் வழி கண்டார்கள். இயந்திர ஊசிகளால் செயற்கை இழைகளை இரண்டு சென்டி மீட்டருக்கு ஒன்றாக, இருபது சென்டி மீட்டர் ஆழத்துக்கு நட்டார்கள். புல்லின் வேர் அந்த இழைகளைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். மேலே தெரிவதில் நூற்றுக்கு மூன்று பங்கே செயற்கை. மற்றதெல்லாம் உயிருள்ள புல். இக்கலப்புத் திடல் 1990-களில் இங்கிலாந்துக்கு வந்து, இன்று பெரிய கழகங்கள் அனைத்திலும் பரவிவிட்டது. அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் மேற்பரப்பை இயந்திரத்தால் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாக விதைக்கிறார்கள். நம் கோடை உழவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒன்றைத் தீர்க்கப்போக மற்றொன்று முளைத்தது. 1989-ல் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கித் தொண்ணூற்றேழு பேர் உயிரிழந்த கொடுமைக்குப் பின், பெரிய அரங்குகளில் நின்று பார்க்கும் மேடைகளை அகற்றி இருக்கைகள் அமைக்க வேண்டுமென்று முடிவாயிற்று. மக்களின் உயிரைக் காக்க அது அவசியமே. ஆனால் உயர்ந்த கட்டடங்களும் கூரைகளும் எழும்பியதும் புல்லுக்கு வெயிலும் காற்றும் குறைந்தன. மரநிழலில் பயிர் விளையாது என்பது நமக்குத் தெரியும். அவர்கள் சக்கரம் வைத்த பெரிய விளக்குச் சட்டங்களைத் திடலின்மேல் நிறுத்தி, செயற்கை வெளிச்சத்தில் புல் வளர்க்கிறார்கள். 2007-ல் புதிதாகத் திறக்கப்பட்ட வெம்பிளியிலும் இசைக் கச்சேரிகளும் பிற காட்சிகளும் நடக்க, முதல் மூன்று ஆண்டுகளுக்குள் பலமுறை புல்லைப் பெயர்த்து மாற்றவேண்டியதாயிற்று. 2010-ல் கலப்புப் புல் போட்ட பிறகே நிலைமை சீர்பட்டது.

இவ்வளவும் கேட்டு, "நாமும் மணல் திடல் போடுவோம்" என்று எவரும் புறப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு சிறு கணக்குச் சொல்கிறோம். முழு அளவுத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். 30 சென்டி மீட்டர் ஆழத்துக்கு மணல் பரப்பினால் 2,142 கன மீட்டர். நம் லாரிக்காரர் கணக்கில் எழுநூற்றைம்பது யூனிட். எந்தப் பஞ்சாயத்து இதைத் தாங்கும்? எந்த ஆறு இதைத் தாங்கும்? கொஞ்சம் மணலைக் களிமண்ணில் கலந்தாலும் பயனில்லை. காய்ந்தவுடன் அது முன்னைவிடக் கடினமாகிவிடும்.

நாம் பார்க்க வேண்டிய இங்கிலாந்து வேறொன்று. லண்டன் நகரின் கிழக்கே ஹாக்னி சதுப்பு நிலம் என்று ஓர் இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் கல்லையும் செங்கல்லையும் கொட்டி மேடாக்கிய நிலம். அதில் ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆடுகளங்கள் இருந்தன. ஞாயிறுதோறும் தொழிலாளரும் கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து ஆடும் இடம். அதைப் பராமரிப்பது எந்தக் கோடீசுவரக் கழகமும் அன்று. நம் நகராட்சி போன்ற உள்ளூர் மன்றம். வெம்பிளியில் விளக்கு வைத்துப் புல் வளர்க்கும் அதே நாட்டில், ஊர் மன்றங்களின் பொதுத்திடல்கள் பல இன்றும் குளிர்காலத்தில் நீர் தேங்கி, ஆட்டம் ரத்தாகும் நிலையில்தான் உள்ளன. பெரிய கழகத்தின் திடல் மாறிய வேகத்தில் ஏழைப் பிள்ளையின் திடல் மாறவில்லை. பொதுத்திடலைக் காப்பவர்கள் அங்கே சொல்லும் பொதுவான கணக்கு ஒன்று: சாதாரண மண்ணில் வளரும் புல், மழைக்காலத்தில் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேர ஆட்டத்துக்குமேல் தாங்காது. ஆதலால் அவர்கள் செய்வது மூன்று காரியங்களே. நீரை வெளியேற்றுவது, தேய்ந்த இடத்துக்கு ஓய்வு தருவது, பொறுப்பாக ஓர் ஆளை வைப்பது. மைதானப் பராமரிப்பாளர்களுக்கென்று அங்கே 1934-லேயே ஒரு தனிச் சங்கம் ஏற்பட்டுவிட்டது.

இம்மூன்றும் நம் கைக்கு எட்டாதவை அல்ல. நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரிவு கொடுங்கள்; நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு போதும். 68 மீட்டர் அகலத் திடலில் நடு முதுகு ஓரத்தைவிட 34 சென்டி மீட்டர் உயர்ந்திருக்கும். ஓடுகிற பிள்ளைக்கு அது தெரியவும் தெரியாது, நீருக்கு நன்றாகத் தெரியும். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி ஊருணிக்கோ குளத்துக்கோ சேருங்கள்; பக்கத்து வயல்காரர் தலையில் விடாதீர்கள். முதலில் தேய்வது கோல் வாயில்தான். ஆகையால் கம்பங்களை நிலையாக நட்டுவிடாமல் பெயர்த்து நடும்படி அமைத்தால், ஆண்டுக்கு ஒருமுறை களத்தை நாலைந்து மீட்டர் தள்ளிப் போடலாம்.

புல்லுக்கு எங்கும் போக வேண்டா. நீங்கள் வரப்பில் வெட்டி வெட்டி அலுத்துப்போன அருகம்புல்லே வெப்ப நாடுகளின் கால்பந்துப் புல். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிப்டன் ஆராய்ச்சி நிலையத்தார், அருகை அதன் ஆப்பிரிக்க இனத்தோடு கலந்து உண்டாக்கிய ஒரு வகையை 1960-ல் வெளியிட்டார்கள். உலகெங்கும் அது விளையாட்டுத் திடல்களில் பரவியிருக்கிறது. மணமக்களை வாழ்த்தும்போது ஆலோடு அருகையும் சேர்த்துச் சொல்லும் நமக்கு அதன் வேரின் வலிமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தண்டுகளைக் கிள்ளி மழைக்கு முன் ஊன்றிவிட்டால் போதும்.

நகரங்களில் இப்போது செயற்கைப் புல் திடல்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. இன்றைய விரிப்புகள் பழைய பிரஸ்டன் விரிப்பைவிட மேலானவை. 2004-ல் ஆட்ட விதிகளும் அவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டன. எனினும் சித்திரை வெயிலில் அவ்விரிப்பின் மேற்பரப்பு அறுபது டிகிரிக்கு மேலும் சூடேறக் கூடியது. அதில் நிரப்பும் ரப்பர்த் துகள்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தடை விதித்து, எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடு ஆடுபவர்கள். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சு அணியிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் போராடித் தோற்ற நம் தேசத்து அணியிலும் பெரும்பாலோர் வெறுங்காலர்களே. கூலி வேலை செய்பவரின் பிள்ளை மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆட முடியுமா? அவனுக்கும் அவன் தங்கைக்கும் உரிமையுள்ள ஒரே திடல் பஞ்சாயத்துத் திடல்தான். அதில் கண்ணாடிச் சில்லும் சரளைக்கல்லும் கிடந்தால் அவர்களுக்கு வேறு இடமில்லை.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறோம். நம் திடலில் திருவிழாக் கடை போடுவார்கள், பொதுக்கூட்டப் பந்தல் போடுவார்கள், லாரியை நிறுத்துவார்கள், நெல்லையும் காய வைப்பார்கள். இவற்றை அடியோடு தடுப்பது கிராமத்தில் நடவாத காரியம். தடுக்கவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. பந்தல்கால் நட்டவரே குழியை மூடித் தரவேண்டும், மழை பெய்த இரண்டு நாளைக்கு வண்டியும் ஆட்டமும் கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் எழுதிவிடலாம். எழுதுவது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தும் கையுமாக வந்து நிற்கும் இளைஞர்களிடம் "இன்று இல்லை" என்று சொல்வது எளிதன்று. அதைச் சொல்லும் பொறுப்பை ஏற்கெனவே வேலை மிகுந்த தூய்மைக் காவலர்மேல் சுமத்தாதீர்கள். ஆடும் இளைஞர்களிலேயே இருவரிடம் ஒப்படையுங்கள். தங்கள் திடல் சேறானால் இழப்பு யாருக்கென்று அவர்களுக்குத் தெரியும்.

வரும் ஐப்பசியில், மழை கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் திடலோரம் நின்று பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓட முயல்கிறது என்று கவனித்து அங்கங்கே முளைக்குச்சி அடித்து வையுங்கள். தை மாதத்தில் நிலம் உலர்ந்ததும், அந்தக் குச்சிகளைப் பார்த்தே வாய்க்காலுக்குக் கயிறு பிடிக்கலாம்.